சோர்வின் சரித்திரம் – 8: ரீனோ நகரத்து வைரஸும் ஒரு துளி உப்பு நீரும்

லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் 1955-ஆம் வருஷம் ஜூலை மாதம் தொடங்கி வைத்தியர்களும் தாதிகளும் மற்றச் சிப்பந்திகளுமாக 292 பேர் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்து, ஆஸ்பத்திரியையே அக்டோபர் வரையில் மூடிவைக்க நேர்ந்த வரலாற்றையும், அதற்குப் பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு மக்எவிடி, பியர்ட் என்னும் இரண்டு மனோவைத்தியர்கள், அந்த நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமல் பழைய குறிப்பேடுகளை மட்டும் புரட்டிப் பார்த்து, 'இது ஹிஸ்டீரியா' என்று தீர்ப்பெழுதிய வரலாற்றையும் சென்ற இதழில் பார்த்தோம். அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்றை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். நோயாளிகளில் பெண்கள் அதிகம், காய்ச்சல் சொற்பம், ஆனால் முறையீடு அதிகம் என்று அடுக்கிக்கொண்டு வந்தவர்கள், பரிசோதனைச் சாலையிலிருந்து வந்த முடிவுகளெல்லாம் இயல்பாகவே இருந்தன என்பதையும் தங்கள் கட்சிக்குச் சான்றாக வைத்தார்கள். ரத்தம் வாய் திறக்கவில்லை. ஆகையால் நோயாளியின் வாய்ச்சொல்லும் செல்லாது என்று ஆயிற்று. அன்று முதல் இன்று வரையில் இந்த நோயின் சரித்திரத்தில் ரத்தத்தைப் பேசவைக்கும் பிரயத்தனமே பெரும் பகுதியாக இருந்துவருகிறது.

நோயின் இயல்பை மறுபடியும் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது நலம். உழைத்தவனுக்கு வரும் களைப்பு உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். நாட்பட்ட சோர்வு நோயில் வரும் களைப்போ உறக்கத்தால் தீர்வதில்லை என்பதோடு, சற்றுத் தூரம் நடந்ததற்கும், சற்று நேரம் ஊன்றிப் படித்ததற்கும், உறவினரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததற்குங்கூட, அன்றைக்கு ஒன்றும் தெரியாமலிருந்து மறுநாளோ மூன்றாம் நாளோ வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து ஆளைக் கிடத்திவிடுகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. படித்த வரி மனத்தில் நிற்பதில்லை. வெளிச்சமும் ஓசையும் பொறுக்க முடியாதவையாகின்றன. இத்தனையையும் சொல்லிக்கொண்டு ஒருவர் வைத்தியரிடம் போகிறார். வைத்தியரும் ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறார். மறுநாள் வரும் சீட்டில் ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் எண் வரம்புக்குள் நிற்கிறது. "உங்களுக்கு ஒன்றுமில்லை, மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அந்த மனிதர், தம் நோயைத் தம் வீட்டாருக்கே நிரூபிக்க முடியாதவராகிறார்.

இதில் வைத்தியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1988-ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு மையத்தார் இந்த நோய்க்கு ஓர் இலக்கணம் வகுத்தபோதும், 1994-ல் ஃபுகுடா என்பவரும் அவருடைய சகாக்களும் அதைத் திருத்தி எழுதியபோதும், ஆறு மாதத்துக்குக் குறையாத சோர்வு இருக்க வேண்டும், அந்தச் சோர்வை விளக்கக்கூடிய வேறு வியாதி எதுவும் இருக்கக்கூடாது என்று விதித்தார்கள். மற்ற நோய்களெல்லாம் இல்லை என்று தள்ளிய பிறகு மிஞ்சுவது எதுவோ அதுவே இந்த நோய் என்றால், தெரிந்த பரிசோதனைகளில் ஒன்றும் தென்படாமையே அதன் லக்ஷணமாகிவிடுகிறது. இப்படி மிஞ்சியவர்களெல்லாரும் ஒரே நோயுடையவர்கள்தாமா என்ற கேள்விக்கு அந்த இலக்கணத்தில் விடை கிடையாது. ஒருவருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்திருக்கலாம்; மற்றொருவருக்குக் காரணம் முற்றிலும் வேறாக இருக்கலாம். இந்தக் கலப்படக் கூட்டத்தை ஒரு பக்கமும் சுகதேகிகளை மற்றொரு பக்கமும் நிறுத்தி, ரத்தத்தில் என்ன வித்தியாசம் என்று தேடத் தொடங்கியதுதான் பின்னால் நேர்ந்த சங்கடங்கள் பலவற்றுக்கும் மூலம் என்பது என் அபிப்பிராயம்.

தேடல் சூடு பிடித்தது நெவாடா மாகாணத்தில். தாஹோ ஏரிக்கரையிலுள்ள இன்க்ளைன் வில்லேஜ் என்னும் சிற்றூரில் 1984, 85-ஆம் வருஷங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விளங்காத சோர்வில் விழுந்தபோது, அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டானியல் பீட்டர்சன், பால் செனி என்ற இருவரும், அவர்களுடைய ரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான பொருள்கள் மிகுந்திருப்பதைக் கண்டு அரசாங்கத்துக்கு எழுதினார்கள். நோய்த்தடுப்பு மையத்தார் வந்து பார்த்துவிட்டு, அந்த வைரஸ் வயது வந்தவர்களில் பெரும்பாலோருடைய உடம்பில் உறைந்து கிடப்பதுதான், அதைக் கொண்டு நோயாளியையும் சுகதேகியையும் பிரித்துச் சொல்ல இயலாது என்று முடிவு செய்தார்கள். 1991-ல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிலையத்து எலைன் டிஃபிரைட்டாஸ் என்ற பெண்மணி, ஒரு ரெட்ரோவைரஸின் துணுக்குகளை நோயாளிகளின் ரத்தத்தில் கண்டதாக எழுதினார். அதையும் பிறரால் மறுபடி காண முடியவில்லை. காலை வேளையில் கார்ட்டிசால் சற்றுக் குறைவு என்றார்கள். கிருமிகளை அழிக்கும் வெள்ளணுக்கள் மந்தம் என்றார்கள். இவை ஓரளவு உண்மையாகவே நின்றன. ஆனால் மனச்சோர்விலும் வேறு நோய்களிலும் அப்படியே காணப்பட்டமையால், ஒருவருடைய கையைப் பிடித்து 'இது உனக்கு உண்டு' என்று சொல்லுவதற்கு உதவவில்லை.

இந்த நிலையில்தான் 2009-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், 'சயன்ஸ்' பத்திரிகையில் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த ஒரு கட்டுரை வெளிவந்தது.

அதன் பின்னணி மனத்தை உருக்குவது. தங்கள் மகள் பல வருஷங்களாக இந்த நோயில் வாடுவதைக் கண்ட விட்டெமோர் தம்பதிகள், தங்கள் செல்வத்தைக் கொண்டு ரீனோ நகரத்தில், நெவாடா சர்வகலாசாலையின் எல்லைக்குள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, மேற்சொன்ன டாக்டர் பீட்டர்சனின் பெயரையும் தங்கள் பெயரோடு சேர்த்து அதற்குச் சூட்டினார்கள். ஜூடி மிகோவிட்ஸ் என்ற அம்மையார் அதன் ஆராய்ச்சித் தலைவராக அமர்ந்தார். 'சயன்ஸ்' கட்டுரைக்கு மூன்று வருஷம் முன்னே, 2006-ல், கிளீவ்லாந்து நகரத்து ராபர்ட் சில்வர்மன் முதலியோர், புராஸ்டேட் புற்றுநோயாளர் சிலருடைய திசுக்களில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற புதிய ரெட்ரோவைரஸைக் கண்டதாக அறிவித்திருந்தார்கள். எலிகளுக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸ் குலத்தைச் சேர்ந்தது அது. மிகோவிட்ஸ் குழுவினர் அதே வைரஸைத் தங்கள் நோயாளிகளின் ரத்தத்தில் தேடினார்கள். நோயாளிகள் 101 பேரில் 68 பேரிடம் அது இருக்கிறது, சுகதேகிகள் 218 பேரில் 8 பேரிடம் மட்டுமே இருக்கிறது என்பதுதான் கட்டுரையின் சாரம்.

நூற்றுக்கு அறுபத்தேழு எங்கே, நூற்றுக்கு நான்கு எங்கே! இருபத்தைந்து வருஷமாக 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், படுக்கையில் இருந்தபடியே அந்தச் செய்தியைப் படித்துக் கண்ணீர் விட்டார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன? எய்ட்ஸ் நோய்க்கு ஒரு வைரஸ் கிடைத்ததும் பரிசோதனையும் மருந்தும் வந்தது போல, தங்களுக்கும் விடிவு வந்துவிட்டது என்று நம்பினார்கள். விலை கொடுத்து அந்த வைரஸ் பரிசோதனையைச் செய்துகொண்டார்கள். 'உண்டு' என்று முடிவு வந்தவர்களில் சிலர், வைத்தியர்களை வற்புறுத்தி, எய்ட்ஸுக்குக் கொடுக்கும் மருந்துகளைச் சாப்பிடவும் தொடங்கினார்கள். அரசாங்கங்களும் கலங்கின. இந்த நோயுடையவர்கள் ரத்ததானம் செய்யக்கூடாது என்று 2010 ஏப்ரலில் கனடா தடுத்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பின்தொடர்ந்தன. வருஷ முடிவில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் அவ்வாறே செய்தது. நேற்று வரையில் நோயே இல்லை என்று சொல்லப்பட்டவர்களின் ரத்தத்தை இன்று உலகம் அஞ்சி ஒதுக்கியது.

மறுப்பும் உடனே எழுந்தது. 2010 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைரா மெக்லூர் முதலியோர், ஆங்கில நோயாளிகள் 186 பேரின் ரத்தத்தைப் பார்த்து, ஒருவரிடத்திலும் வைரஸ் இல்லை என்று எழுதினார்கள். நெதர்லாந்திலும் அப்படியே. தேடும் முறை சரியில்லை, தேர்ந்தெடுத்த நோயாளிகள் சரியில்லை என்று ரீனோவிலிருந்து பதில் வந்தது. ஆகஸ்டில் காற்று மறுபடியும் திரும்பியது. அமெரிக்க அரசாங்கத்தின் சொந்த ஆராய்ச்சியாளர்களான ஷி-சிங் லோவும், பிற்காலத்தில் ஈரல் அழற்சி வைரஸ் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ஹார்வி ஆல்டரும், 37 நோயாளிகளில் 32 பேரிடம் அதே குலத்து வைரஸ்களின் சுவடுகள் இருப்பதாக அறிவித்தார்கள். ஆல்டர் போன்ற ஒருவர் சொல்லும்போது யார்தான் அலட்சியம் செய்வார்கள்?

உண்மை வேறு திசையிலிருந்து வந்தது. ஜான் காஃபின், வினய் பதக் முதலிய ரெட்ரோவைரஸ் நிபுணர்கள், நோயாளிகளை விட்டுவிட்டு, இந்த வைரஸின் பிறப்பையே ஆராயப் புகுந்தார்கள். கிளீவ்லாந்தில் ஒரு மனிதருடைய புராஸ்டேட் புற்றுக் கட்டியை, எதிர்ப்புச் சக்தியற்ற மயிரில்லா எலிகளின் உடம்பில் பதித்து, ஓர் எலியிலிருந்து மற்றோர் எலிக்கு மாற்றி மாற்றி வளர்த்து, 1990-களில் அதிலிருந்து ஓர் அணுவரிசையை எடுத்தார்கள். அது உலகெங்கும் பரிசோதனைச் சாலைகளுக்குச் சென்று பரவியிருந்தது. அந்த வரிசையின் அணுக்களில் எக்ஸ்.எம்.ஆர்.வி. நிரம்பி வழிந்தது. ஆனால் அதே கட்டியின் முந்திய தலைமுறைப் பிரதிகளை உறைநிலைப் பெட்டிகளிலிருந்து எடுத்துப் பார்த்தபோது அவற்றில் வைரஸ் இல்லை. எலிகளின் மரபணுவிலேயே இரண்டு பழைய வைரஸ்களின் எச்சங்கள் உறங்கிக் கிடந்தன, ஒன்றில் எக்ஸ்.எம்.ஆர்.வி.யின் ஒரு பாதி, மற்றதில் மறு பாதி. கட்டி எலிக்கு எலி மாறிக்கொண்டிருந்தபோது எங்கோ ஓரிடத்தில் அவ்விரண்டு பாதிகளும் பொருந்தி, முன்பு உலகத்தில் இல்லாத ஒரு வைரஸ் பிறந்துவிட்டது. அதே பொருத்தம் வேறோர் இடத்தில் மறுபடியும் அச்சுப்பிசகாமல் நேரும் என்று எதிர்பார்ப்பதற்கே இடமில்லை. அப்படியானால் மனிதர்களின் ரத்தத்தில் கண்டதாகச் சொல்லப்பட்ட அத்தனையும் பரிசோதனைச் சாலையிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

எப்படி வந்தது? பி.சி.ஆர். என்னும் முறை, ஒரு குழாயில் டி.என்.ஏ.யின் ஒரே ஒரு துணுக்கு இருந்தாலும் அதைக் கோடி கோடியாகப் பெருக்கிக் காட்டிவிடும். பால் நிறைந்த குடத்தில் தெறித்த ஒரு சொட்டு மோர், விடிவதற்குள் குடம் முழுவதையும் தயிராக்கிவிடுவது போன்றது அதன் வல்லமை. எலியின் ஒவ்வோர் உயிரணுவிலும் இந்தக் குலத்து வைரஸ்களின் எச்சங்கள் பல உண்டு. பரிசோதனைச் சாலையிலோ எலி எங்கேதான் இல்லை! பி.சி.ஆருக்கென்று கடையில் வாங்கும் நொதியோடு, அது சமயத்துக்கு முன்னால் வேலை செய்துவிடாமலிருக்கச் சேர்க்கும் எதிர்ப்பொருள்கூட எலியின் அணுக்களிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அந்தப் பொட்டலத்திலேயே எலியின் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டு வந்ததை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார்கள். சில்வர்மனும் தம் பங்குக்குத் தம் சாலையில் சேமித்து வைத்திருந்த நோயாளிகளின் மாதிரிகளை மறுபடி சோதித்து, அவற்றில் தாமே வைத்திருந்த வைரஸ் பிரதியொன்று கலந்திருப்பதைக் கண்டு, 2011 செப்டம்பரில் 'சயன்ஸ்' கட்டுரையில் தம் பகுதியை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அதே மாதத்தில் வெளியான மற்றொரு சோதனையை இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்கதாக நான் கருதுகிறேன். முன்பு வைரஸ் உண்டு என்று சொல்லப்பட்ட 15 பேரிடமும், இல்லை என்று நிச்சயிக்கப்பட்ட 15 தானக்காரர்களிடமும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். குழாய்களின் மேல் பெயரில்லை, ஊரில்லை. ரகசிய எண் மட்டுமே. ஒரே மனிதருடைய ரத்தத்தைப் பல குழாய்களில் பிரித்து, வேறு வேறு எண்களிட்டு வைத்தார்கள். இவற்றை ரீனோ நிலையம் உட்பட ஒன்பது சாலைகளுக்கு அனுப்பி, 'உண்டா, இல்லையா, நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்டார்கள். ஏழு சாலைகள் எங்குமே காணவில்லை என்றன. ரீனோவும் அதன் கூட்டாளிச் சாலையும் உண்டு என்று சொன்னவையோ, சுகதேகிகளின் ரத்தத்திலும் நோயாளிகளின் ரத்தத்திலும் ஏறத்தாழச் சமமாகவே விழுந்தன. ஒரே மனிதரின் ஒரு குழாயில் உண்டு என்றும் மறு குழாயில் இல்லை என்றும் அவையே சொல்லின. டிசம்பரில் 'சயன்ஸ்' பத்திரிகை கட்டுரையை ரத்து செய்தது. லோவும் ஆல்டரும் தங்கள் கட்டுரையைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள்.

நோயாளிகளின் மனத்தில் சந்தேகம் ஒரு துளியும் மிஞ்சக்கூடாது என்று, கொலம்பியா சர்வகலாசாலையின் இயான் லிப்கின் கடைசியாக ஒரு பெரிய விசாரணையை நடத்தினார். பல ஊர்களிலிருந்து நோயாளிகள் 147 பேர், அவர்களுக்கு ஈடான சுகதேகிகள் 146 பேர்; பரிசோதனையைச் செய்ய மிகோவிட்ஸையும், லோ, ஆல்டர் இருவரையுமே அழைத்தார். 2012 செப்டம்பரில் முடிவு வந்தது. ஒருவரிடமும் வைரஸ் இல்லை. அந்த முடிவை மிகோவிட்ஸும் அன்று ஏற்றுக்கொண்டார்.

மூன்று வருஷம் வீணாயிற்று என்றே பலர் எழுதினார்கள். அது முழு உண்மையல்ல. லிப்கின் சேகரித்த ரத்தம் வீணாகவில்லை. நோயாளிகளைக் கவனமாகத் தேர்ந்து, ஒரே முறையில் எடுத்து, ஒரே முறையில் உறைய வைத்த ரத்தம் இந்த நோய்க்கு அவ்வளவாக அதற்கு முன் கிடையாது. அதையும் அதுபோன்ற மற்றொரு சேகரத்தையும் கொண்டு லிப்கினும் மேடி ஹார்னிக் அம்மையாரும் 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நோயாளிகள் 298 பேர், சுகதேகிகள் 348 பேர். வெள்ளணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சைட்டோகைன் முதலிய 51 பொருள்களை அளந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் நோயாளிக்கும் சுகதேகிக்கும் வேற்றுமை தெளிவாகவில்லை. நோய் வந்து மூன்று வருஷத்துக்குள் இருப்பவர்களை, 52 பேர்தான் அவர்கள், தனியே எடுத்தபோது, அவர்களிடம் இன்டர்ஃபெரான்-காமா முதலியவை ஓங்கியிருந்தன. அதற்கு மேற்பட்டவர்களிடம் அந்த ஓங்கல் அடங்கிப்போயிருந்தது. இது எவ்வளவு முக்கியமான செய்தி என்பதைக் கொஞ்சம் நின்று எண்ண வேண்டும். இரண்டு வருஷ நோயாளியையும் இருபது வருஷ நோயாளியையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுத்தவர்களெல்லாம், ஒருவருடைய உயர்வை மற்றவருடைய தாழ்வால் அழித்துவிட்டு, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

அந்த 2015-ஆம் வருஷம் பிப்ரவரியில்தான் அமெரிக்க வைத்தியக் கழகத்தாரும், ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து, இது தேகத்தைப் பற்றிய கொடிய நோயே என்று அறிக்கை விடுத்தார்கள். தங்கள் நாட்டில் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரையில் இதனால் வருந்துகிறார்கள் என்றும் கணக்கிட்டார்கள். அடுத்த வருஷத்தில் கலிபோர்னியாவின் ராபர்ட் நேவியோ, 45 நோயாளிகளின் ரத்தத்தில் நூற்றுக்கணக்கான ரசாயனங்களை அளந்து, தேகம் தன் அடுப்பைத் தணித்துக்கொண்ட நிலை அது என்றார். நார்வேயின் பெர்கன் நகரத்துப் புற்றுநோய் வைத்தியர்களான ஃப்ளூகேயும் மெல்லாவும், சர்க்கரையை எரிசக்தியாக்கும் வழியில் ஓரிடத்தில் அடைப்பிருப்பதற்கு அறிகுறியாகச் சில அமினோ அமிலங்கள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். கிருமியைத் தேடிய காலம் போய், சக்தியைத் தேடும் காலம் வந்துவிட்டது.

இந்த மாறுதலை மிகவும் நுட்பமாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஸ்டான்ஃபோர்டின் ரொனால்ட் டேவிஸ். மரபணு விஞ்ஞானத்தில் அவர் பெயர் பெரிது. 1980-ல் மனித மரபணுவுக்கு வரைபடம் வரைய வழிகாட்டிய நால்வரில் அவர் ஒருவர். அவருடைய மகனும் இந்த நோயின் மிகக் கடுமையான நிலையில், பேசவும் உண்ணவும் இயலாமல் வீட்டில் ஓர் அறையில் கிடக்கிறார். வயது முதிர்ந்த அந்த விஞ்ஞானி தம் மற்ற ஆராய்ச்சிகளையெல்லாம் பின்தள்ளிவிட்டு இந்த ஒன்றையே கையிலெடுத்தார்.

அவர் கேட்ட கேள்வி புதிது. அசைவற்றுக் கிடக்கும் ரத்தத்தில் எந்தப் பொருள் கூட, எந்தப் பொருள் குறைவு என்று எல்லாரும் கேட்டார்கள். நோயாளி சும்மா இருக்கும்போது ஓரளவு சமாளிக்கிறார், உழைத்தால்தான் விழுகிறார். அப்படியானால் ரத்தத்தையும் உழைக்கச் சொல்லிப் பார்த்தால் என்ன என்று அவர் கேட்டார். அவருடைய சாலையில் ரஹீம் எஸ்ஃபந்தியார்பூர் என்பவர் ஒரு கருவி செய்தார்: ஆயிரக்கணக்கான நுண்ணிய மின்முனைகளுள்ள ஒரு சில்லு, அதன் மேல் ரத்தத்தைத் தாங்கும் குழிவு. நோயாளியின் வெள்ளணுக்களை அவருடைய சொந்த ரத்தநீரோடு சேர்த்து அந்தக் குழிவில் விட்டு, இடையறாமல் மின்தடையை அளந்தார்கள். பிறகு சிறிது உப்பைச் சேர்த்தார்கள். உப்பு மிகுந்த நீரில் அகப்பட்ட உயிரணு சும்மா இருக்க முடியாது. உள்ளே புகும் உப்பை வெளியே இறைத்தாக வேண்டும். இறைப்பதற்குச் சக்தியைச் செலவிட வேண்டும். மலையேறச் சொல்ல முடியாத மனிதரிடத்திலிருந்து எடுத்த சில சொட்டு ரத்தத்துக்கு அது ஒரு மலையேற்றம்.

சுகதேகிகளின் ரத்தத்தில் அளவு ஏறத்தாழச் சமநிலையிலேயே நின்றது. நோயாளிகளின் ரத்தத்திலோ அது விறுவிறுவென்று மேலே ஏறியது. 20 நோயாளிகள், 20 சுகதேகிகள். நாற்பது பேரில் ஒருவரும் தவறான பக்கத்தில் விழவில்லை. 2019 ஏப்ரலில் இது வெளிவந்தது.

ரீனோவின் பாடத்தைப் படித்தவர்கள் இங்கே இரண்டு கேள்விகள் கேட்டார்கள், கேட்டது முறையே. நாற்பது பேரில் பலித்தது நாலாயிரம் பேரில் பலிக்குமா என்பது ஒன்று. மற்றது அதைவிடக் கடினமானது. வைத்தியரின் அறைக்குள் வருபவர் சோர்ந்தவர். அவரையும் ஓடியாடும் சுகதேகியையும் பிரித்துச் சொல்ல ஒரு கருவி வேண்டியதில்லை. சோர்ந்து வரும் பத்துப் பேரில் எவருக்கு இந்த நோய், எவருக்கு நரம்புறை தேயும் ஸ்க்ளெரோசிஸ், எவருக்கு மூட்டு வாதம், எவருக்கு மனச்சோர்வு என்று பிரிப்பதற்கே பரிசோதனை வேண்டும். அந்த நோயாளிகளின் ரத்தமும் உப்பு நீரில் இப்படியே தத்தளித்தால், இந்த அடையாளத்தால் என்ன பயன்? இதற்கு அந்த முதற் கட்டுரையில் விடையில்லை. ஆயினும் ரத்தத்தை உழைக்கச் சொல்லிக் கேட்ட அந்தக் கேள்வியே இத்துறையில் கடந்த நாற்பது வருஷங்களில் எழுந்தவற்றில் மிகச் சிறந்த கேள்வி என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு முதல் அடி எடுத்துவைத்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டினர். கார்ல் மார்ட்டனும் அவருடைய சகாக்களும் 2023-ல், ஒவ்வொரு வெள்ளணுவின் மேலும் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் சாயலைக் கணிப்பொறிக்குக் கற்பித்தபோது, சோர்வு நோயாளிகள் 61 பேரோடும் சுகதேகிகள் 16 பேரோடும், மேற்சொன்ன ஸ்க்ளெரோசிஸ் நோயாளிகள் 21 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று கூட்டத்தையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு சரியாகப் பிரிக்க முடிந்தது. எண்ணிக்கை சிறிதுதான், வழி சரியானது. 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் நார்விச் நகரத்திலிருந்து, டி.என்.ஏ. மடிந்திருக்கும் விதத்தைக் கொண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு சரியாகச் சொல்லும் பரிசோதனை கண்டோம் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. 47 நோயாளிகளும் 61 சுகதேகிகளும் கொண்ட ஆராய்ச்சி அது. நோயாளிகள் எல்லாரும் வீட்டை விட்டு வெளியே வர இயலாத கடுமையான நிலையிலிருந்தவர்கள். மறுபடியும் பழைய கேள்விதான், அதோடு புதிதாக ஒன்றும் எழுந்தது: படுத்த படுக்கையாக வருஷக்கணக்கில் கிடப்பவரின் ரத்தம், நடமாடுபவரின் ரத்தத்திலிருந்து வேறுபடாமலா இருக்கும்? கண்டது நோயின் அடையாளமா, கிடப்பதன் அடையாளமா?

நோயாளிகளுக்கு இந்தக் கேள்வி வெறும் சாஸ்திர விசாரம் அன்று. உடம்பை அசைக்காததால் வந்த பலவீனமே இந்த நோய், ஆகையால் எழுந்து நடந்தால் தீர்ந்துவிடும் என்று சொல்லி, படிப்படியாக நடையைக் கூட்டும் சிகிச்சையை இவர்கள் மேல் சுமத்தி, அதனால் பலருடைய நோய் முற்றிய கொடுமையை இந்தத் தொடரில் பின்னால் விரிவாகச் சொல்ல இருக்கிறேன். கிடப்பதால் ரத்தம் மாறுகிறதா, நோயால் மாறுகிறதா என்பதற்கு ரத்தத்திலிருந்தே பதில் கிடைத்தால், அந்த வாதத்தின் வேரே ஆட்டம் கண்டுவிடும்.

நார்விச் செய்திக்கு முன்பே, 2025 ஜூனில், எடின்பரோ சர்வகலாசாலையின் கிறிஸ் பான்டிங் முதலியோர் இதற்குப் பதிலளித்திருந்தார்கள். புதிதாக ஒருவரிடமும் ரத்தம் எடுக்காமல், பிரிட்டனில் ஐந்து லட்சம் பேரிடம் முன்பே சேகரித்திருந்த ரத்த விவரங்களைக் கையாண்டார்கள். இந்த நோய் தமக்கு உண்டு என்று சொன்னவர்கள் 1,455 பேர். ஒப்பிட்டவர்கள் 1,31,303 பேர். ஆண், பெண் இரு பாலாரிடத்திலும் ஒரே விதமாக மாறியிருந்த அளவுகள் நூற்றுக்கு மேல். நீடித்த மெல்லிய அழற்சி, இன்சுலினுக்கு இசையாமை, ஈரலின் தளர்ச்சி ஆகியவற்றையே அவற்றில் பல சுட்டின. பிறகு, ஒவ்வொருவரும் வாரத்தில் எவ்வளவு நடக்கிறார் என்ற விவரத்தையும் கணக்கில் சேர்த்து, அசைவின்மையால் வரக்கூடிய மாறுதலைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். அது மிக அற்பமாகவே இருந்தது. அளவுகள் மாறியது கிடப்பதனால் அன்று.

ஒவ்வொரு மாறுதலும் தனித்தனியே மிகச் சிறியது. அவற்றில் எதையும் கொண்டு ஒரு வைத்தியர் தம் முன்னே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நோயை நிச்சயிக்க முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே கடைத்தெருப் பரிசோதனைச் சாலையில் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் பரிசோதனை இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று யாராவது விளம்பரம் செய்தால், எத்தனை பேரிடம் பார்த்தார்கள், சுகதேகிகளைத் தவிர வேறு நோயாளிகளோடு ஒப்பிட்டார்களா, பெயர் மறைத்த குழாய்களில் வேறொரு சாலை அதே முடிவைக் கண்டதா என்று இந்தத் தொடரின் வாசகர்கள் கேட்க வேண்டும். 1970-ல் இரண்டு மனோவைத்தியர்கள் 'முடிவுகள் எல்லாம் இயல்பாக இருந்தன' என்று எழுதியதை மட்டும் இனி ஒருவரும் எழுத முடியாது.

அதே எடின்பரோக் குழுவினர் எச்சிலில் கிடைக்கும் டி.என்.ஏ.யைக் கொண்டு பதினையாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து, எட்டு இடங்களில் வித்தியாசம் கண்ட வரலாற்றை அடுத்த இதழில் எழுதுகிறேன்.